ஊசி எடுக்காமல் ஓரம் மடிப்பது: ஒட்டு நாடாவை எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பேன்ட்டின் கால் நீளத்தைக் குறைத்துத் தர எந்தத் தையற்கடையிலும் ஆள் கிடைக்காது. புதுத்துணி தைத்து முடிக்கவே இரவு பகல் போதாத அந்த நாட்களில், ஆல்ட்ரேஷன் வேலையைப் பண்டிகை கழித்துக் கொண்டுவரச் சொல்வது அவர்கள் தவறும் அன்று. சென்ற தீபாவளிக்கு என் கணவருக்கும் மகனுக்கும் வாங்கிய நான்கு ரெடிமேட் பேன்ட்டுகளும் இரண்டு அங்குலம் நீளமாக இருந்தன. மதுரைப் புதுமண்டபத்தில் இருந்த தையற்காரர்களும் தையல் பொருள் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும், நூலும் பொத்தானும் வாங்க நான் அவர்களிடமே போய்வருகிறேன். அப்படி நூல் வாங்கப் போன இடத்தில், இந்தப் பேன்ட் விவகாரத்தைச் சொன்னதும் கடைக்காரர் எடுத்து நீட்டியதுதான் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஹெம்மிங் டேப். அன்று தொடங்கி இந்த எட்டு மாதத்தில் பேன்ட், சுடிதார், திரைச்சீலை, பள்ளிச் சீருடை, சேலை என்று வீட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லா வகைத் துணியிலும் இதை ஒட்டிப் பார்த்துவிட்டேன். சில இடங்களில் தையலுக்கு இணையாக நின்றது. சில இடங்களில் துணியையே கெடுத்தது. எங்கே எது நடக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். கையில் எடுத்துப் பார்த்தால் சிலந்தி வலையைத் தட்டையாக அழுத்தி நாடாவாக வெட்டியது போல, மெல்லியதாக, ஊடுருவிப் பார்க்கும்படி இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டாது, ஏனென்றால் அதில் பசை பூசப்பட்டிருக்கவில்லை, அந்த நாடாவே பசைதான். பெரும்பாலும் பாலிஅமைடு அல்லது பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த, குறைந்த சூட்டில் இளகும் பிளாஸ்டிக் இழைகளை நெய்யாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைத்து இதைச் செய்கிறார்கள். சுமார் 100 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்த இழைகள் உருகி, மேலும் கீழும் உள்ள துணியின் நூல்களுக்கு இடையே இறங்கி, ஆறியதும் அங்கேயே இறுகிவிடுகின்றன. சட்டைக் காலருக்குள் இருக்கும் ஒட்டும் கேன்வாஸ் வேலை செய்வதும் இதே முறையில்தான். ஒரே வேறுபாடு, ஆடைத் தொழிற்சாலையில் சூடு, அழுத்தம், நேரம் ஆகிய மூன்றையும் இயந்திரம் அளந்து கொடுக்கிறது, வீட்டில் அந்த மூன்றுக்கும் நம் கைதான் பொறுப்பு. இந்த நாடா சரியில்லை என்று சொல்பவர்களில் பலருக்கும் இந்த மூன்றில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும் என்பது என் அனுபவத்தில் நான் கண்டது.

கடைகளில் மூன்று வகை கிடைக்கிறது. மேலே சொன்ன வெறும் வலை போன்ற நாடா ஒன்று. ஒரு பக்கம் மெழுகுக் காகிதம் ஒட்டிவரும் நாடா இரண்டாவது. இதை முதலில் ஒரு துணியில் வைத்துத் தேய்த்து, ஆறிய பின் காகிதத்தை உரித்துவிட்டு, மறுபடியும் மடித்துத் தேய்க்க வேண்டும். மூன்றாவது, இணையக் கடைகளில் பேன்ட் கால் குறைக்கும் டேப் என்று விற்கும் சற்றே தடித்த துணிநாடா. அதைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நீளவாக்கில் பாதியாக மடித்து, பாதி வெட்டோரத்திலும் பாதி உட்பக்கத்திலும் படும்படி வைத்துத் தேய்க்க வேண்டும். நான் மூன்றையும் வாங்கினேன். மூன்றாவது வகையின் உறையில் தானாக ஒட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, சூடு குறைவாக வைத்துத் தேய்த்த ஒரு சுடிதார் பேன்ட்டின் ஓரம் அலுவலகத்தில் மாடிப்படி ஏறும்போதே கழன்று தொங்கியது. நனைக்க வேண்டும், நன்றாகச் சூடாக்க வேண்டும் என்ற அடிப்படைச் செய்தியைப் படம் கூட இல்லாமல் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. பிரிட்டனில் உண்டாவெப் என்றும் அமெரிக்காவில் ஸ்டிச் விச்சரி என்றும் விற்பவை முதல் வகையைச் சேர்ந்தவை. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இங்கே கிடைக்கும் வலை நாடாவும் எனக்கு அதே வேலையைச் செய்கிறது, ஆகவே அதற்காக யாரையும் சிரமப்படுத்தத் தேவையில்லை.

ஒட்டும் முறையைச் சோதித்துப் பார்க்க, கிழிந்துபோன பழைய காட்டன் பேன்ட் ஒன்றின் காலை ஆறு துண்டுகளாக வெட்டிக்கொண்டேன். மூன்று துண்டுகளை உலர்ந்த நிலையிலும், மூன்று துண்டுகளை மேலே ஈரத்துணி விரித்தும், முறையே 5, 10, 15 விநாடிகள் அழுத்தி ஒட்டி, அரைமணி நேரம் ஆறவிட்டு, இரண்டு கையாலும் பிரித்து இழுத்தேன். உலர்ந்த நிலையில் 5 விநாடி அழுத்தியது காகிதம் போல உரிந்தது. நாடாவின் வலைப்பின்னல் கூடக் கலையாமல் அப்படியே தெரிந்தது. உலர்ந்த 10 விநாடித் துண்டு ஓரங்களில் பிடித்து நடுவில் விட்டுக்கொடுத்தது. ஈரத்துணி விரித்து 10 விநாடி அழுத்திய துண்டை நகத்தால் கிளப்பவே முடியவில்லை. பலமாக இழுத்தபோது துணியின் நூல்தான் சிலும்பியது, ஒட்டு விடவில்லை. ஈரம் ஆவியாகி, சூட்டைத் துணியின் அடுக்குகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதுதான் இதற்குக் காரணம். பிரித்துப் பார்த்த பகுதிகளை மறுபடியும் முன்போலவே ஒட்டி, ஆறு துண்டுகளையும் ஒரு கயிற்றில் கோத்து, அழுக்குத் துணியோடு சேர்த்துப் பன்னிரண்டு முறை துவைக்கும் இயந்திரத்தில் போட்டேன். உலர்ந்த 5, 10 விநாடித் துண்டுகள் முழுதும் திறந்துவிட்டன, உலர்ந்த 15 விநாடித் துண்டு ஒரு மூலையில் எழும்பியது, ஈரத்தில் 5 விநாடி பெற்றது பாதி விட்டது. ஈரத்தில் 10, 15 விநாடி பெற்ற இரண்டும் ஒட்டியபடியே இருக்கின்றன, ஆனால் 15 விநாடித் துண்டில் பசை சற்று மேலேறி, வெளிப்பக்கத்தில் கோடு போல ஒரு மினுமினுப்புத் தெரிகிறது.

இந்தப் பன்னிரண்டு சலவையைத் தாங்கிய ஒட்டு எப்படி வந்தது என்று கவனித்தால், பெட்டியை நகர்த்தாமல் இருப்பதே அதில் முக்கியமானது என்பது புரியும். சட்டை தேய்ப்பது போல முன்னும் பின்னும் இழுத்தால் உருகிய நாடா மடிப்புக்குள்ளேயே நகர்ந்து, ஓர் இடத்தில் திரண்டும் ஓர் இடத்தில் இல்லாமலும் போய்விடும். ஓரிடத்தில் வைத்து, அழுத்தி, பத்து எண்ணி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முந்தைய இடத்தின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறும்படி வைத்தால் இடைவெளி விழாது. பிறகு துணியைத் திருப்பி மறுபக்கமும் அதே போல அழுத்த வேண்டும். ஆறும்வரை தொடக்கூடாது, மடித்து வைக்கவும் கூடாது. இரண்டாவது, நம் வீடுகளில் பலரும் கட்டில் மெத்தையின் மேல் போர்வையை நான்காக மடித்துப் போட்டுத் தேய்ப்போம். சட்டைக்கு அது போதும், இதற்குப் போதாது. நாம் கொடுக்கும் அழுத்தத்தை மெத்தை விழுங்கிவிடுவதால் நாடா துணிக்குள் இறங்குவதில்லை. மரமேசையின் மேல் ஒரே ஒரு வேட்டியை இரண்டாக மடித்து விரித்துச் செய்தபோது அதே பெட்டி, அதே நாடா, ஒட்டு மட்டும் வேறு மாதிரி வந்தது. இப்போது வரும் எடை குறைந்த பெட்டிகளில் நம் தோள்பலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருக்கும் பழைய, கனமான பெட்டி இந்த வேலைக்கு இன்னும் பொருத்தமாக இருக்கிறது.

சூட்டை எந்த அளவில் வைப்பது என்பதைத் துணியே முடிவு செய்யும். ஆடையின் உட்பட்டியில் இஸ்திரிப் பெட்டி போன்ற குறிக்குள் ஒரு புள்ளி இருந்தால் சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி என்றால் 150, மூன்று புள்ளி என்றால் 200 வரை தாங்கும் என்று பொருள். காட்டனுக்கும் பாலியெஸ்டர் கலந்த காட்டனுக்கும் இரண்டு, மூன்று புள்ளி இருப்பதால் நாடாவை உருக்கப் போதுமான இடம் கிடைக்கிறது. ஒரு புள்ளி மட்டுமே உள்ள துணியில் நாடா உருகும் சூடும் துணி பாழாகும் சூடும் மிக அருகருகே இருக்கின்றன. அந்தத் துணிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாடாவின் உறையில் நான் எங்கும் காணாத, ஆனால் நம் ஊருக்கு மிகவும் தேவையான எச்சரிக்கை ஒன்று உண்டு. கஞ்சி போட்ட துணியில் இது நிற்காது. துணியின் நூலுக்கும் பசைக்கும் நடுவே கஞ்சி ஒரு படலமாக இருப்பதால், பசை கஞ்சியைப் பிடித்துக்கொள்ளும், துணியைப் பிடிக்காது. அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது ஒட்டும் சேர்ந்தே போய்விடும். அப்பாவின் வேட்டி ஓரத்தில் விட்டுப்போயிருந்த மடிப்பை ஒட்டியபோது நடந்தது இதுதான். அன்று கம்பி மாதிரி நின்றது, முதல் சலவையிலேயே பிரிந்துவிட்டது. கடையிலிருந்து வரும் புதுத்துணியிலும் விறைப்புக்காக ஏதாவது ஏற்றியிருப்பார்கள், காட்டனாக இருந்தால் முதல் சலவையில் சுருங்கவும் செய்யும். ஆகவே புதுப் பேன்ட்டாக இருந்தாலும் ஒருமுறை அலசி, காயவைத்து, பிறகு அளந்து மடிப்பதே சரி. தீபாவளி அவசரத்தில் நான் அலசாமல் ஒட்டிய இரண்டு பேன்ட்டுகளை ஜனவரியில் மறுபடியும் ஒட்ட வேண்டியிருந்தது. அலசிவிட்டு ஒட்டிய மற்ற இரண்டும் இன்றுவரை கலையவில்லை.

இந்தப் பேன்ட்டுகளும் திரைச்சீலைகளும்தான் இந்த நாடாவுக்கு உரிய இடங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன். நேரான ஓரம், நடுத்தரக் கனமுள்ள துணி, இழுபடாத மடிப்பு ஆகிய மூன்றும் அங்கே இருக்கின்றன. எட்டடி உயரத் திரைச்சீலைகள் நான்கின் அடியோரத்தை ஒரு மாலைப்பொழுதில் ஒட்டி முடித்தேன், வெளிப்பக்கத்தில் தையல் கோடே தெரியாமல் அவ்வளவு சுத்தமாக வந்தது. ஜீன்ஸிலும் ஒட்டுகிறது, ஆனால் பக்கத்தையல் வரும் இடத்தில் துணி பல அடுக்காகக் குவிந்து சூடு உள்ளே போகாது. அங்கே மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தும் எனக்குச் சரிவரவில்லை, கடைசியில் அந்த ஓர் அங்குலத்தில் நான்கு தையல் கையால் போட்டுவிட்டேன். குடை போல விரியும் பாவாடை, அனார்கலி போன்றவற்றின் வளைந்த ஓரத்துக்கு இது ஒத்துவராது. வளைவை மடிக்கும்போது உள்பக்கத்தில் மிஞ்சும் துணியை ஊசி சிறிது சிறிதாகச் சுருக்கி உள்வாங்கிக்கொள்ளும், நேரான நாடாவால் அதைச் செய்ய முடியாது, அங்கங்கே மடிப்பு விழுந்து விறைத்து நிற்கும்.

எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது சேலைதான். ஜார்ஜெட் சேலை ஒன்றுக்கு ஃபால்ஸ் அடிக்க ஆள் தேடுவதற்குப் பதிலாக இந்த நாடாவை வைத்து ஒட்டினேன். மெல்லிய துணியின் கண்கள் வழியாகப் பசை கசிந்து, சேலையின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் பட்டது போல ஈரத்தடம் மாதிரியான ஒரு கோடு முழு நீளத்துக்கும் விழுந்துவிட்டது. அது இன்றுவரை போகவில்லை. கசியாத கனமான காட்டன் சேலையிலும் பார்த்தேன், அங்கே வேறு ஒரு சிக்கல். ஃபால்ஸ் துணி காட்டன் என்பதால் துவைக்கத் துவைக்கச் சுருங்கும், சேலை அதே அளவில் சுருங்காது. கையால் ஹெம்மிங் செய்த நூலில் அந்த வேறுபாட்டுக்கு இடங்கொடுக்கும் தளர்ச்சி இருக்கிறது, இறுகிய பசையில் அது இல்லை. மூன்றாவது சலவைக்குப் பிறகு சேலையின் அடிக்கரை அலை அலையாக எழும்பி நின்றது. பட்டுச் சேலையில் நான் முயலவே இல்லை, முயலவும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஈரத்துணியின் நீர்த்தடமே பட்டைக் கெடுக்கும், கரைச் சரிகையின் மேல் இவ்வளவு சூட்டை இவ்வளவு நேரம் வைப்பதும் தகாது. ஃபால்ஸ் அடிப்பவரின் கைக்கூலியை மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு பட்டுச் சேலையை இழக்க வேண்டாம்.

பள்ளிச் சீருடை பற்றிப் பெற்றோர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஜூனில் வாங்கும்போதே வளர்ச்சிக்கு இடம் விட்டு, உள்ளே நான்கு விரல் மடித்து, அடுத்த ஆண்டு அவிழ்த்துவிடுவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். அந்த மடிப்புக்கு இந்த நாடா ஏற்றதில்லை. நூலை வெட்டி உருவினால் தையல் இருந்த சுவடு இரண்டு சலவையில் மறையும். நாடாவைச் சூடாக்கிப் பிரித்தால் பசை துணியிலேயே தங்கி, மடிப்பு இருந்த இடம் கரும்பட்டையாகத் தெரியும், அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். மகளின் நீலப் பாவாடையில் அதைக் கண்ட பிறகு, வளரும் பிள்ளைகளின் துணியில் அவிழ்க்கப்போகும் மடிப்புகளுக்கு அம்மாவிடம்தான் கொடுக்கிறேன். எழுபது வயதில் ஊசியில் நூல் கோக்க மட்டும் அவருக்கு என் உதவி வேண்டும், தையலுக்கு வேண்டாம்.

கிழிசல் ஒட்டுவதில் இது நான் எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. ஆணியில் மாட்டி எல் வடிவில் கிழிந்த மகனின் பேன்ட்டில், உள்பக்கம் அதே நிறத் துணித்துண்டு ஒன்றைக் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் பெரிதாக வெட்டி, நடுவே நாடாத் துண்டுகளை ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, கிழிந்த விளிம்புகளை ஊசிமுனையால் நேர்ப்படுத்திச் சேர்த்து வைத்து அழுத்தினேன். ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்தால் கிழிசல் இருந்ததே தெரியவில்லை. ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும், கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஆனால் முழங்கால், பின்பக்கம் போன்ற இழுபடும் இடங்களில் ஒட்டிய பின் சுற்றிலும் ஒரு வரி ஓட்டுத் தையல் போட்டால்தான் நிலைக்கும். பனியன் துணி, லெகிங்ஸ் போன்ற நீளும் துணிகளில் ஒட்டிய இடம் மட்டும் நீளாமல் நிற்பதால், அதன் விளிம்பிலேயே புதுக் கிழிசல் தொடங்குகிறது. அவற்றில் ஒட்டவே கூடாது.

துணியைத் தேய்ப்பு வண்டியில் கொடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கரிப்பெட்டிக்குச் சூட்டைக் குறைக்கும் திருகு கிடையாது. உருகி இறுகிய பசை மறுபடியும் அந்தச் சூட்டில் உருகும், சூடு ஆறுவதற்குள் தேய்ப்பவர் பேன்ட் காலைப் பிடித்து உதறி மடித்தால் ஓரம் நகர்ந்து கோணலாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் தெருவில் தேய்க்கும் அண்ணன் இதை முதல் நாளே கவனித்து, “இது ஒட்டுனதாம்மா? கீழ் ஓரத்துல பெட்டிய இழுக்காம வச்சு எடுத்துர்றேன்” என்றார். அன்றிலிருந்து கொடுக்கும்போதே எந்தப் பேன்ட் ஒட்டியது என்று சொல்லிவிடுகிறேன். அவருடைய மேசைத்துணியில் நம் பசை படாமல் இருக்க வேண்டும் என்பதும் நம் கவலைதான். வெள்ளாவிக்குப் போகும் துணிக்கும் இந்த நாடா வேண்டாம்.

தவறிப் பெட்டியின் அடியில் பசை பட்டுவிட்டால், அப்படியே அடுத்த சட்டையில் வைத்துவிடாதீர்கள். பெட்டி சூடாக இருக்கும்போதே செய்தித்தாளில் கல்லுப்பைப் பொடித்துத் தூவி அதன்மேல் நான்கைந்து முறை இழுத்தால் பசை உப்போடு வந்துவிடும். மெருகு பூசிய அடிப்பாகம் உள்ள பெட்டியில் உப்பு கீறிவிடும் என்பதால் அங்கே தடித்த காட்டன் துணியில் தேய்ப்பதே நல்லது. இதைவிட, முதலிலேயே நாடாவை மடிப்பின் விளிம்பிலிருந்து நூலளவு உள்ளே தள்ளி வைத்தால் பசை வெளியே வரவே வராது.

செலவைப் பொறுத்தவரை, 2 செ.மீ. அகலமும் 25 மீட்டர் நீளமும் உள்ள வலை நாடாச் சுருளுக்கு நான் 140 ரூபாய் கொடுத்தேன். ஒரு பேன்ட்டின் இரண்டு காலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 90 செ.மீ. ஆகிறது, அதாவது ஒரு சுருளில் இருபத்தேழு பேன்ட், ஒன்றுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல். எங்கள் பகுதியில் தையற்கடையில் இதற்கு 60 ரூபாய் வாங்குகிறார்கள். நான் இரண்டு காலையும் ஒட்டி முடிக்க அரைமணி நேரம் ஆகிறது, அவர் பத்து நிமிடத்தில் முடித்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தையலைத் தருகிறார். அவர் கேட்கும் கூலி நியாயமானது என்பதை இந்த வேலையைச் செய்து பார்த்த பிறகு இன்னும் நன்றாக உணர்கிறேன். ஆகவே தினமும் உடுத்தி, அடித்துத் துவைக்கும் வேலை உடுப்புகளை அவரிடமே கொடுக்கிறேன். திரைச்சீலை, மாதம் ஓரிருமுறை உடுத்தும் பேன்ட், பயணத்தில் திடீரென்று விட்டுப்போகும் ஓரம் ஆகியவற்றுக்கு நாடா.

முதல் சுருள் சென்ற வாரம் தீர்ந்தது. இரண்டாவதை வாங்கும்போது காகிதம் ஒட்டிய வகையையும் நனைத்து ஒட்டும் வகையையும் விட்டுவிட்டு, வலை நாடாவையே 2 செ.மீ. அகலத்தில் ஒன்றும், கிழிசல்களுக்கென்று அதைவிட அகலமானதில் இரண்டு மீட்டரும் கேட்டு வாங்கினேன். கடையில் ஹெம்மிங் டேப் என்று மட்டும் கேட்டால் சில இடங்களில் தைத்து வைக்கும் துணி நாடாவை எடுத்துத் தருகிறார்கள், இஸ்திரி போட்டு ஒட்டும் வலை நாடா என்று சேர்த்துச் சொல்லுங்கள். சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வலை எங்கும் ஒரே சீராக இருந்தால் மட்டும் வாங்குங்கள், திட்டுத்திட்டாக இருந்தால் ஒட்டும் அப்படித்தான் வரும்.